சைக்கிள் உள்ள போகுமா?

தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிக்கிறியா? கண்ணுல படுது. வெளிச்சம் இல்லப்பா, பட்டப்பகல்ல வெளிச்சம் என்ன பண்ணப் போகுது. அந்தப் படம். மஞ்சக் கலர்ல ஒரு வண்டி நிக்குதே, அது. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

வெளாடு, வெளாடு. உன் போனு, உன் கண்ணு. நான் யாரு கேக்குறதுக்கு? உசிலம்பட்டில ஏறும்போது இந்த ஒரு எடந்தான் கெடந்துச்சு. இல்லன்னா நான் ஏன் இந்தப் படத்துக்குப் பக்கத்துல வந்து உக்காரப் போறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த கேமை ஏன் எறக்குன? யாராவது சொன்னாய்ங்களா? இல்லையா? தானாப் பாத்ததா? அப்படி என்னத்தைப் பாத்த?

கேட்டியா! "அந்த சைக்கிள் உள்ள போகுமான்னு பாத்தேன்." இதே பதிலுதான். உசிலம்பட்டில எவனைக் கேட்டாலும் இதே பதிலு, தேனிக்குப் போற பஸ்ஸுல கேட்டாலும் இதே பதிலு. ஒரு டிசைனை டிசைனாப் பாக்க இந்த ஊர்ல ஒருத்தனுக்குத் தெரியல.

நான் யாருன்னு உனக்குத் தெரியாது. பூமிநாதன். பூமி டிஜிட்டல்ஸ். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஃப்ளெக்ஸ் கடை. சுத்துப்பட்டுல கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கடை தெறப்பு, செத்தவய்ங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி, எதுன்னாலும் நம்ம டிசைன்தான். ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் ரோட்டோரத்துல சிரிக்கிற மூஞ்சி பூராம் நான் வெள்ளையடிச்ச மூஞ்சி. அப்பேர்ப்பட்டவனைத்தான் அந்த கேமைச் செஞ்சவன் அவமானப்படுத்திட்டான். அவன் வேற யாரும் இல்ல. என் மச்சினன். என் பொண்டாட்டி பாண்டீஸ்வரிக்குக் கூடப் பொறந்த தம்பி. லோகநாதன்னு பேரு. லோகு.

இரு, இரு, பேசாத. எடது பக்கம் பாரு. அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல... வருது, வருது... பாத்தியா?

பாக்கலையா? தலையைத் திருப்புறதுக்குள்ள போயிருச்சா? என்னப்பா நீ. என் மக காதுகுத்து ஃப்ளெக்ஸு அது. நிதர்சனா. நாளைக்குத்தான் காதுகுத்து, எங்க குலசாமி கோயில்ல. சேப்பா ஏதோ தெரிஞ்சுச்சா? சேப்பா ஏதோவா? யோவ், பின்னால நெருப்பு. ரெண்டு பக்கமும் சிங்கம். நடுவுல கிரீடம் வச்சு பிள்ளை. மேல மேகத்துக்குள்ள எங்கப்பாவும் எங்க மாமனாரும், ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. நானும் பாண்டீஸ்வரியும் கும்பிட்ட மேனிக்கு நிக்கிறோம். கீழ வட்டம் வட்டமா பங்காளி மூஞ்சி பூராம். இவ்வளவும் இருக்கு, உனக்கு சேப்பா ஏதோ தெரியுது. பரவால்ல, அடுத்தது எழுமலை பிரிவுகிட்ட வரும். அதையாவது ஒழுங்காப் பாரு.

லோகு விசயத்துக்கு வர்றேன். போன ஐப்பசில, கொட்டுற மழையில வந்து நின்னான். கையில ஒரு பையி, ரெண்டு கம்ப்யூட்டரு. மெட்ராஸ்ல நல்ல வேலை, கம்பெனிக் காரு வந்து கூட்டிட்டுப் போகும். அதை விட்டுட்டானாம். "மச்சான், சொந்தமா ஒரு கேம் பண்ணப் போறேன்"னான். பண்ணுடா மாப்ள, மாடி ரூம் சும்மாத்தான கெடக்குன்னு நாந்தான் சொன்னேன். மூணு வேளையும் சோறு என் வீட்டுல. சொல்லிக் காட்டல, சொல்றேன்.

என்ன கேமு? உனக்குத் தெரியாததா. வாடகை வீட்டைக் காலி பண்றவன் சாமான் பூராத்தையும் ஒரு குட்டியானை வண்டியில ஏத்தணும். பீரோ, கட்டில், கிரைண்டர், மெத்தை, சிலிண்டர். எப்படித் திருப்புவியோ எப்படிக் கவுப்பியோ, ஒரு சாமான் கூட ரோட்டுல நிக்கக் கூடாது, ஒரே ட்ரிப்புல முடிக்கணும். அதான் பேரே 'ஒரே ட்ரிப்பு'ன்னு வச்சான். நான் அதைத் தொட்டது கூடக் கெடையாது. எனக்கு எங்க நேரம். அந்த மீன் தொட்டி வர்ற வீடு இருக்குல்ல, தண்ணி சிந்தாம வைக்கணுமே, அதுக்கு அப்புறந்தான் கேம் சூடு பிடிக்கும். சொல்லிக் கேட்டதுதான்.

கேம் முடிஞ்சிருச்சு. கடையில போடணும். கடைன்னா நம்ம கடை இல்ல, போன்ல இருக்குதே, எல்லா கேமும் வரிசையா நிக்கிற கடை, அதுல. அதுக்கு முன்னால ஒட்ட ஒரு படம் வேணும். அதைப் பாத்துத்தான் ஆளு உள்ள வருவானாம். பாண்டீஸ்வரிதான் ஆரம்பிச்சு வச்சா. "படம் போடுறதுக்கு வெளிய எதுக்குடா போற, உங்க மச்சான் இருக்காருல்ல." அவன் தலையை ஆட்டுனான். அப்பவே அந்த ஆட்டல்ல ஒரு சொணக்கம் இருந்துச்சு. நான் கண்டுக்கல.

நான் ஒரு வேலையை எடுத்தா எப்படிச் செய்வேன்னு உசிலம்பட்டிக்குத் தெரியும். வந்த கல்யாண ஆர்டரைத் தள்ளி வச்சிட்டு உக்காந்தேன். நடுவுல வண்டி. சும்மா வண்டி இல்ல, பளபளன்னு, ஜிகினா அடிக்கும். வண்டிக்குப் பின்னால நெருப்பு. நெருப்புக்கு மேல கழுகு. சுத்தியும் கேம்ல வர்ற சாமான் பூராம், ஒண்ணு விடல, தொடப்பக்கட்டை கூட வச்சேன். 'ஒரே ட்ரிப்பு'ன்னு எழுத்து, அஞ்சு கலரு, தங்க பார்டரு, எழுந்து நிக்கும். மேல மூலையில கருப்பசாமி. லோகு போட்டோவுக்குக் கோட்டு போட்டு விட்டேன். பொறந்ததுல இருந்து கோட்டு போடாதவன். கீழ 'அகில உலகமும் ஆட வருகிறது'ன்னு ஒரு வரி. வாழ்த்தும் நெஞ்சங்கள்னு வட்டத்துல நம்ம ஆளுக.

கூப்பிட்டுக் காட்டுனேன். பாக்குறான், பாக்குறான். அப்புறம் கேக்குறான், "வண்டி தீப்பிடிச்சிருச்சா மச்சான்?"

எகத்தாளத்தைப் பாத்தியா! சோறு போட்டவன்கிட்ட.

அப்புறம் போனை எடுத்தான். என் படத்தைச் சுருக்குறான், சுருக்குறான், வெரல் நகம் அளவுக்குச் சுருக்கிட்டான். சுத்தி ஊர்ப்பட்ட கேமுப் படம் இருக்கு. "இதுல நம்மளது எதுன்னு தொட்டுக் காட்டுங்க மச்சான்." நான் தேடுனேன். கெடைக்கல. கண்ணாடி போடல அன்னைக்கு. அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. கண்ணாடி போட்டும் ஒரு தடவ தேடுனேன், அப்ப போன்ல வெளிச்சம் கம்மி.

இதுதான் சாக்குன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு! "மச்சான், பாக்குறவன் நின்னு பாக்க மாட்டான். கட்டை வெரலால தள்ளிக்கிட்டே போவான். அதுக்குள்ள அவன் மனசுல ஒரு கேள்வி விழுகணும். விழுந்துட்டா கை தானா நிக்கும்." நான் சொன்னேன், "மாப்ள, நீ கட்டை வெரலை வச்சிக்கிட்டு எனக்குச் சொல்ற. நான் ஓடுற பஸ்ஸுல போறவனுக்குப் படம் காட்டுறவன்டா. நிக்காம போறவனை நிறுத்துற வித்தையை எனக்கா சொல்ற?"

அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நீங்க ஒரு தடவ பஸ்ஸுல போய் உங்க ஃப்ளெக்ஸைப் பாருங்க மச்சான்"னான். நான் ஏன் பாக்கணும்? நாந்தான செஞ்சேன், எனக்குத் தெரியாதா அதுல என்ன இருக்குன்னு? எனக்கு பைக் இருக்கு. இன்னைக்கு என்னமோ பைக்கு மக்கர் பண்ணிருச்சு, அதான் பஸ்ஸு.

ஏய், ஏய், எழுமலை பிரிவு! இந்தா, இந்தப் பக்கம், கரண்டு டிரான்ஸ்பார்மருக்கு முன்னால! ...இப்ப பாத்தியா? புலி தெரிஞ்சுச்சா? புலி இல்லப்பா, சிங்கம்! பிள்ளை தெரிஞ்சுச்சா? எந்தப் பிள்ளைன்னா? கிரீடம் வச்ச பிள்ளை! சரி விடு, நீ அந்த லாரியைப் பாத்துட்ட. உனக்குக் கவனம் பத்தாது. போனே கதின்னு கெடந்தா கண்ணு அப்படித்தான் ஆகும்.

எங்க விட்டேன்? ஆங், பாடம். "கழுகை எடுங்க மச்சான்"னான். எடுத்தேன். "நெருப்பை எடுங்க." பல்லைக் கடிச்சிட்டு எடுத்தேன். "என் போட்டோ வேண்டாம், வட்டம் வேண்டாம், வரி வேண்டாம்." ஒவ்வொண்ணா உருவுறான், கோழிக்கு றெக்கை உருவுற மாதிரி. கடைசில, "கருப்பசாமியையும் எடுத்துருவோம்"ங்குறான். டேய், சாமிடா! "நகம் அளவு எடத்துல அவரு எப்படி மச்சான் நிப்பாரு, அருவாளை வைக்கவே எடம் பத்தாதே"ன்னு சிரிக்கிறான். அதோட நான் எந்திரிச்சுட்டேன். ஒரு மயிரும் எடுக்க முடியாது, இஷ்டம்னா போடு, இல்லன்னா விடுன்னு சொல்லிட்டேன்.

பாண்டீஸ்வரி அழுதா. அவ அழுதான்னு என் படத்தையே போட்டான். கழுகு, நெருப்பு, சாமி, எல்லாத்தோடயும். பாரு, மனசு பூராம் சுத்தமில்லாம, அக்காவுக்காகப் போட்டான். அப்படிப் போட்டா எப்படி வெளங்கும்? ஒரு பய உள்ள வரல. வரலைன்னா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. அப்ப பாத்து மழை. மழையில எவன் கடைக்குப் போவான்? ...போன்ல இருக்குற கடைதான், அதுக்கென்ன. மழைன்னா மழைதான்.

நான் கடையில மெஷினை ஓட விட்டுட்டு நிக்கிறேன் ஒரு நாள். பந்தல் போடுற காசிராசன் வந்தான், கையில போனு. "அண்ணே, உங்க மச்சினன் கேமுதான இது? இந்த சைக்கிளு உள்ள போகுமா போகாதா?"ங்குறான். எந்த சைக்கிளுடான்னு வாங்கிப் பாக்குறேன். என் படம் இல்ல. அதை எடுத்துட்டு இந்த மஞ்சப் படத்தைப் போட்டிருக்கான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை.

பாரு, நீயே பாரு, என்ன இருக்கு இதுல? வெறும் மஞ்சள். வண்டியோட பின்பக்கம் மட்டும். மூஞ்சி கூடக் கெடையாது வண்டிக்கு. உள்ள சாமான் அடைச்சுக் கெடக்கு, நடுவுல ஒரு சந்து. ரோட்டுல ஒரு மூணு சக்கர சைக்கிளு, சேப்புக் கலர்ல. முடிஞ்சுச்சு. டிரைவரு எங்க? வீட்டுக்காரன் எங்க? பிள்ளை சைக்கிளை நடு ரோட்டுல விட்டுட்டு எவனாவது போவானா? அதுவும் அது என் மக சைக்கிளு! நிதர்சனாவுக்கு மதுரையில நான் வாங்குனது. அதைப் பாத்து வரைஞ்சு ஊரு உலகத்துக்குப் போட்டிருக்கான், பெத்தவனை ஒரு வார்த்தை கேக்காம.

கடையில நின்ன பய பூராம் காசிராசன் தோள் மேல சாஞ்சுட்டாய்ங்க. ஒருத்தன் தலையை இப்படிச் சாய்க்கிறான், ஒருத்தன் அப்படிச் சாய்க்கிறான். "படுக்க வச்சாப் போகும்டா." "சக்கரம் இடிக்கும்டா." "மொதல்ல மெத்தையை மடி." கண்ணீர் அஞ்சலி வாங்க வந்தவன், அப்பாவைப் பறிகொடுத்தவன்யா, அவனும் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, "அண்ணே, கவுத்துப் பாருங்க"ங்குறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், டிசைனு எப்படின்னு கேக்கணுமே? கலரைப் பத்திப் பேசணுமே? எழுத்தைப் பத்திப் பேசணுமே? எல்லாப் பயலும் சைக்கிளை உள்ள ஏத்திக்கிட்டு இருக்கான். அதுல இருந்தே தெரியலையா, படம் தோத்துப் போச்சுன்னு?

மேல ஏறிப் போய்க் கேட்டேன். "என்னடா இது?" அவன் எந்திரிச்சு நின்னான், மரியாதையெல்லாம் கொறைக்கல. "சொல்லாம மாத்துனது தப்புதான் மச்சான். சொன்னா விட மாட்டீங்கன்னுதான்." "என் படத்துல என்னடா கொறை?" "கொறையே இல்ல மச்சான். எல்லாரும் இருக்காங்க. பாக்குறவன் நிக்கத்தான் எடமில்ல."

பாக்குறவனுக்கு எதுக்குய்யா எடம்? அவனா ஃப்ளெக்ஸுக்குக் காசு குடுத்தான்?

இதையேதான் அவன்கிட்டயும் கேட்டேன். இன்னும் நெறையாக் கேட்டேன். தின்ன சோத்தைப் பத்திக் கேட்டேன். வேலையை விட்டதைப் பத்திக் கேட்டேன். செத்துப்போன மாமனாரை இழுத்தேன். அவன் நின்னு கேட்டுக்கிட்டான், மறுநாள் ஒரு குட்டியானையைக் கூப்பிட்டு சாமானை ஏத்திட்டான். தேனில ரூம் பாத்துட்டானாம். நிதர்சனா சைக்கிளை எடுத்துட்டு வந்து வண்டிக்குப் பின்னால வச்சிட்டு நிக்கிறா, அதையும் ஏத்து மாமான்னு. அவன் எறங்கி வந்து அவளைத் தூக்கி மூஞ்சியில மூஞ்சியை வச்சுத் தேச்சிட்டு, சைக்கிளை வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டான். ஒரே ட்ரிப்புல போயிட்டான். அந்தப் பிள்ளை ரெண்டு நாளு என்கிட்ட வரல. என்கிட்ட! நான் என்னய்யா பண்ணேன்?

அதுக்கப்புறம் அந்தக் கேமு ஓடுது. ஓடட்டும். உன்னை மாதிரி வேலை வெட்டி இல்லாதவன் நாட்டுல இருக்குற வரைக்கும் ஓடும்.

இப்ப காதுகுத்துக்கு வர்றேன். காதுகுத்துன்னா என்னன்னு தெரியும்ல? பிள்ளையை தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் ஆசாரி குத்தணும். தாய்மாமன்னா இவந்தான், ஒரே ஒருத்தன். அவனுக்கு நாங்க புருசன் பொண்டாட்டியாப் போய் தட்டு வச்சு அழைக்கணும், வெத்தலை பாக்கு பழத்தோட. அழைச்சாத்தான் அவன் சீர் சொமந்து வருவான். ஃப்ளெக்ஸுல அவன் மூஞ்சி நம்ம மூஞ்சிக்குச் சமமா இருக்கணும், கொஞ்சம் கொறைஞ்சாலும் வெட்டுக்குத்து ஆகிரும். எங்க ஊரு மொறை அது. எத்தனை பேரு வீட்டுச் சண்டையை நான் தாய்மாமன் தலையைப் பெருசாக்கியே தீத்து வச்சிருக்கேன்.

நான் தட்டு வைக்கல. போன் கூடப் பண்ணல. ஃப்ளெக்ஸுல அவன் மூஞ்சியே போடல.

டிசைனை முடிச்சுக் காட்டும்போது பாண்டீஸ்வரி பாத்தா. "என் தம்பி எங்க?" "எடம் இல்ல." "கோழிக்கடைக்காரர் இருக்காரு." "அவரு கேட்டாரு, போட்டேன்." "உங்க கூடப் படிச்சவரு கூட இருக்காரு, பேரு கூட எனக்குத் தெரியாது." "ஃப்ரெண்டு." அன்னையில இருந்து எனக்குத் தட்டை வைக்கிறா, குழம்பை ஊத்துறா, பேசுறதில்ல. பேசாட்டிப் போ. அவந்தான எல்லாத்தையும் எடு எடுன்னான்? எடுத்துட்டேன். அவனையே எடுத்துட்டேன். எப்படி? பாடத்தை அவனுக்கே திருப்பி நடத்திட்டேன்ல?

மடிக்கு ஆளா? அதுக்குத்தான் இப்பப் போறேன். பாண்டீஸ்வரிக்குப் பெரியப்பா மகன் ஒருத்தன் ஆண்டிபட்டில இருக்கான், தங்கப்பாண்டின்னு. அண்ணன் முறை, அப்ப தாய்மாமன் முறைதான. பிள்ளையை அவன் பாத்தது கெடையாது. அதனால என்ன, மடி மடிதான. காலைல இருந்து போன் அடிக்கிறேன், ஸ்விட்ச் ஆஃப்னு வருது. நேர்ல போய் கையோட கூட்டிட்டு வந்துட்டா முடிஞ்சுச்சு. அப்படியே இந்தப் பையில வட்டம் இருக்கு பாரு, ஸ்டிக்கரு, பசையோட. லேட்டாப் பேரு குடுத்த பங்காளிக. ஆண்டிபட்டி ஃப்ளெக்ஸுல ஒட்டி விடணும். எனக்கும் ரெண்டு வட்டம் அடிச்சு வச்சிருக்கேன், எங்கயாவது எடம் இருந்தா ஆகும்.

பொம்பளையப் பத்திப் பேசக் கூடாது, ஆனாலும் சொல்றேன். மெஷின் ஓட்ட நாந்தான் பாண்டீஸ்வரிக்குக் கத்துக் குடுத்தேன். கண்ணு எனக்கு மேல ஓடும் அவளுக்கு. நேத்து ஆசாரியைப் பாத்துட்டு கடைக்குள்ள வர்றேன், மெஷினுல இருந்து மஞ்சள் மஞ்சளா வந்து விழுகுது. பூராம் மஞ்சள். என்னடின்னா, "உரக்கடை ஆர்டரு"ன்னா. பேசாதவ பேசுனாளேன்னு எனக்கே ஆச்சரியம். எந்த உரக்கடைக்காரன் இப்படி வெறுஞ் சொவரு மாதிரி அடிப்பான், மஞ்ச இங்க்கு பூராம் காலின்னு கத்துனேன். அவ பாட்டுக்கு உருவி எடுத்து ஓரத்துல கயிறு கட்டுற வளையத்தை அடிச்சு, முந்தானையால ஒரு தடவ தொடைச்சா. உரக்கடை ஃப்ளெக்ஸைத் தொடைக்கிறவளை அன்னைக்குத்தான்யா பாத்தேன்.

கணவாய் வந்துருச்சு. வளைவுல நம்மது ஒண்ணு இருக்கு... போச்சு. வளைவுல தெரியல, விடு. எனக்கே தெரியல. எதிர்வெயிலு வேற.

என்னப்பா அந்தம்மா எந்திரிச்சு எட்டிப் பாக்குது? முன் சீட்டுல... என்னாங்குது?

"ஏ, அங்க பாருடி, தாய்மாமன் மடி!"

எங்க? எங்கடா? நகரு, நகரு. அந்த மஞ்சளா? அது உரக்கடை...

இரு.

நீ பாத்தியா? சொல்லு, என்ன பாத்த? ...ஆமா. ஆமாய்யா, மஞ்சள்தான். சம்மணம் போட்டு உக்காந்த வேட்டி, ஆமா. தலை இல்ல, மூஞ்சி இல்ல. மடி காலி. பக்கத்துல ஒரு பிள்ளை முதுகைக் காட்டிட்டு நிக்குது, சேப்புப் பாவாடை. 'நாளைக்கு'ன்னு ஒரு எழுத்து. நீ பூராத்தையும் பாத்துட்ட! பஸ்ஸு என்ன வேகத்துல போச்சு, பூராத்தையும் பாத்துட்ட! முன்னால இருக்குற அந்தம்மா பாத்துருச்சு, அந்தா டிக்கெட் கிழிச்சிட்டு இருந்த கண்டக்டரு பாத்துட்டாரு, டிரைவரு கூடக் கழுத்தைத் திருப்புறாரு, யோவ் ரோட்டைப் பாருய்யா!

என் மக. அந்த ரெட்டைச் சடை என் மக சடை. பின்னால இருந்து பாத்தாலும் எனக்குத் தெரியாதா?

அப்பன் பேரு எங்க? கோயில் பேரு எங்க? நேரம் எங்க? நான் அழைக்காத லோகு எப்படிய்யா ஃப்ளெக்ஸ் வைக்கலாம்? எவன் அடிச்சுக் குடுத்தான் இவனுக்கு, இந்த ரோட்டுல எனக்குத் தெரியாம எவன் கடையில...

கீழ மூலையில ஒரு பட்டை இருந்துச்சே. சேப்பும் கருப்பும். பாத்தியா? நீ பாத்திருக்க மாட்ட, அதைப் பாக்க வேண்டியவன் நான் ஒருத்தந்தான். அடிச்ச கடை பேரை மூலையில போடுவோம். அந்தப் பட்டை என் கடைப் பட்டை.

பாண்டீஸ்வரி. அடிப் பாவி. உரக்கடையாம்.

இல்லப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல. தூசி. கணவாய்க் காத்து.

நீ என்ன கேக்குற? தங்கப்பாண்டியா? அவன் கெடக்கான் வெளங்காதவன், போனை அமத்தி வச்சிட்டு. இப்ப அவனைக் கூட்டிட்டுப் போய் நான் என்ன பண்றது? லோகு காலி மடியை ரோட்டுல போட்டுட்டான்ல? போற வர்ற சொந்தக்காரன் பூராம் இந்த வழியாத்தான் வர்றாய்ங்க. எல்லாப் பயலும் நாளைக்குக் கோயில்ல வந்து நின்னு கேப்பான், அந்த மடி எங்கன்னு. வேற மடியைக் காட்டுனா ஒத்துக்குவாய்ங்களா? உக்காந்தே ஆகணும் அவன். அவன் மடியில அவ உக்காந்தே ஆகணும். அந்த மாதிரி ஆக்கி வச்சிட்டான்யா, ஒரு வார்த்தை எழுதாம. திருட்டுப் பய.

கண்டக்டரே! வண்டியை நிறுத்துங்க, எறங்கணும். ஆண்டிபட்டி இன்னும் வரலைன்னு தெரியுதுங்க, எனக்கு இங்கதான் எறங்கணும். விசிலை ஊதுங்க.

பின்னாடி நடந்து போய் ஒரு வட்டம் ஒட்டப் போறேன். என் வட்டம். பெத்தவன் இல்லாம ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸா? எவ்வளவு எடம் வெறுமனே கெடக்கு அதுல, ஒரு வட்டம் ஒட்டுனா என்ன கொறைஞ்சு போகும். மேல... மேல ஒட்டுனா எல்லாக் கண்ணும் மேல போயிரும். பிள்ளை பக்கத்துல ஒட்டுனா அவளை மறைக்கும். மடியில ஒட்ட முடியாது, அவ உக்காரணும்ல. அட, எவ்வளவு எடம் கெடக்கு, ஒட்டுறதுக்கு ஒரு எடம் இல்லையேய்யா.

போய்ப் பாக்குறேன். பக்கத்துல போய்ப் பாத்தா எங்கயாவது இருக்கும்.

பையை எடு. என்ன, இன்னும் அதுலயே முழிச்சிக்கிட்டு இருக்க? கொண்டா இங்க. சைக்கிளைப் படுக்க வைக்காத, எத்தனை தடவ படுக்க வச்சாலும் பின் சக்கரம் பீரோவுல இடிக்கும். தலைகீழாக் கவுத்து, ஹேண்டிலை மொதல்ல உள்ள விடு. மெத்தைக்கும் கிரைண்டருக்கும் நடுவுல. ஆங், இன்னும் தள்ளு.

போயிருச்சா?